மூன்று முறை முடியாது என்று சொன்ன அமிர்தவல்லி டீச்சர்

அமிர்தவல்லி டீச்சர் கடந்த சனிக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்குக் காரைக்கால் மருத்துவமனையில் இறந்தார். எனக்குச் சொன்னவர் அவருடைய தம்பி கோவிந்தராஜ். மருத்துவமனைச் சீட்டில் ஆறு மணி என்று இருக்கிறது. தம்பி பக்கத்திலேயே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தவர் என்பதால் அவர் சொன்ன நேரத்தையே எடுத்துக்கொண்டேன். சிறுநீரகக் கோளாறு. வயது நாற்பத்திரண்டு. பணிப் பதிவேட்டில் தம்மைப் பற்றி எழுதப்பட்ட ஒரு வரியை நீக்கக் கோரி டீச்சர் கொடுத்திருந்த மேல்முறையீட்டு மனு அன்று காலைவரை முடிவாகவில்லை. இதை எழுதும் இன்றும் முடிவாகவில்லை. அந்த வரி இது: “மாணவியரின் பாதுகாப்பில் அக்கறையற்றவர்.”

தலத்தெருவில் அவருடைய வீட்டுக்கு நான் போனபோது மணி ஒன்பது. உடம்பைக் குளிப்பாட்டி உள்ளே கிடத்தியிருந்தார்கள். வாசலில் செல்வி நின்றாள். காரைக்கால்மேட்டில் மீன் ஏலத்தில் கூடை எடுத்து ஊருக்குள் விற்பவள். ஒரு காலத்தில் டீச்சரிடம் படித்தவள். சேலை முழுக்க நனைந்திருந்தது.

“தூக்கிக் குளிப்பாட்ட நாலு பேரு வேணும்னு கூப்புட்டாங்க சார். நான் ஒருத்தியே தூக்கிட்டேன். உசுரு இல்லாத ஒடம்பு கனக்கும்பாங்க. இவங்க கனக்கவே இல்ல” என்றாள். பிறகு, “ஒண்ணுமே இல்ல சார் அந்த ஒடம்புல” என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

டீச்சரை அறிந்தவர்கள் இந்த ஊரில் பலர். அவரிடம் உடற்பயிற்சி கற்ற பெண்கள் இன்று திருவேட்டக்குடியிலும் கோட்டுச்சேரியிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பள்ளியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும். நடந்தது என்ன என்பதுதான் உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது. அதற்கு நானும் காரணம்.

அவரை முதலில் சந்தித்தது என் தவறு ஒன்றின் மூலம். எழுபதுகளின் நடுவில், நான் செய்தித்தாளுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிய புதிதில், அந்தப் பள்ளியின் விளையாட்டு விழாவைப் பற்றி ஒரு சிறு செய்தி எழுதியிருந்தேன். அந்த விழாவில் எல்லாரும் காத்திருப்பது கடைசி நிகழ்ச்சிக்குத்தான். மாணவிகள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று கோபுரம் கட்டுவார்கள். உச்சியில் நிற்கும் பெண் கொடியை விரிப்பாள். அவளைக் கலசம் என்பார்கள். நான் “நான்கு அடுக்குக் கோபுரம்” என்று எழுதிவிட்டேன். மறுநாள் டீச்சர் செய்தித்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கே வந்தார். நல்ல உயரம், அகன்ற தோள். வாசல் இருண்டது.

“நாலு அடுக்குன்னு போட்டிருக்கீங்களே சார். எண்ணுனீங்களா?”

“பார்த்தேன் டீச்சர்.”

“பாத்தீங்க. எண்ணல. கீழ ஆறு, அவங்க தோளு மேல மூணு, அதுக்கு மேல ஒருத்தி. மூணு அடுக்குதான். இதப் படிச்சுட்டு எங்க செயலாளர் அடுத்த வருசம் நாலு அடுக்கு கேப்பாரு. நீங்க வந்து கீழ நிப்பீங்களா?”

திருத்தம் போட்டேன். அதன் பிறகு நாங்கள் நண்பர்கள். விழாவுக்கு முன்னால் நடக்கும் பயிற்சிகளுக்கும் என்னைக் கூப்பிடுவார். “வந்து எண்ணிட்டுப் போங்க சார்” என்பார்.

கோபுரத்தை அந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் அவர் அல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர்கள் பட்டாளத்தில் இருந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ஒருவர் அங்கே டிரில் மாஸ்டராக இருந்தார். அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று: கனமானவள் கீழே, கனமில்லாதவள் மேலே. பள்ளியில் எடை பார்க்கும் கருவி கிடையாது. அதனால் ஆண்டுதோறும் பெண்களை வரிசையாக அடுத்த தெருவிலிருந்த நெல் கிடங்குக்கு அழைத்துப்போவார்கள். மூட்டை நிறுக்கும் தராசில் ஒவ்வொருத்தியாக ஏறி நிற்க வேண்டும். எடை போடுபவர் கிடங்கு முழுக்கக் கேட்கும்படி எண்ணைக் கூவுவார். சுமைதூக்குபவர்கள் நின்று சிரிப்பார்கள். “இது ஐ.ஆர். எட்டு, குண்டு ரகம்!” “இது பதரு, தூத்தி விட்டுடு!” டீச்சர் அந்தப் பள்ளியில்தான் படித்தார். அந்தத் தராசில் ஐந்து ஆண்டுகள் ஏறியிருக்கிறார். ஐந்து ஆண்டும் கீழ் வரிசையில், நடுவில் நின்றிருக்கிறார்.

“மேல நிக்கிறவ மொகத்த நான் ஒரு தரம்கூடப் பாத்தது இல்ல சார். ஆனா அவ பயந்தா என் தோளுக்குத் தெரியும்” என்று ஒருமுறை சொன்னார்.

ஆசிரியையாக வந்த இரண்டாம் ஆண்டே கிடங்குக்கு அழைத்துப்போவதை நிறுத்திவிட்டார். தராசுக்குப் பதில் அவர் செய்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மைதானத்தில் ஒவ்வொரு பெண்ணின் பின்னாலும் போய் நிற்பார். இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி இறக்குவார். பிறகு நோட்டில் பெயருக்கு எதிரே ‘கட்டு’ அல்லது ‘துவளல்’ என்று எழுதுவார். கிலோவை எழுத மாட்டார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

“தூங்குற புள்ளயத் தூக்கியிருக்கீங்களா சார்?”

“தூக்கியிருக்கேன்.”

“அதே புள்ள முழிச்சிருக்கும்போது?”

டீச்சர் நோட்டை மூடினார்.

“ரெண்டு தடவையும் அது ஒரே எடதான். தூங்குனா மூட்ட மாதிரி கனக்கும். முழிச்சுக்கிட்டுக் கழுத்தப் புடிச்சுக்கிட்டா கனக்காது. வயித்தையும் தொடையையும் இறுக்கி நிக்கத் தெரிஞ்ச புள்ள அம்பது கிலோன்னாலும் மேல நிக்கலாம். துவண்ட புள்ள இருபத்தஞ்சு கிலோன்னாலும் கீழ இருக்கிறவ எலும்ப ஒடிச்சுடும். இது ஊருல புள்ளப் பெத்தவ எல்லாருக்கும் தெரியும் சார். பள்ளிக்கூடத்துக்குள்ள வந்தா மறந்துடுறாங்க.”

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று அது எனக்கு ஒரு சுவையான பேச்சாகத்தான் பட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆண்டு, டீச்சர் நோட்டில் ‘கட்டு’ என்று இரண்டு முறை அடிக்கோடிட்ட பெயர் செல்வி. அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பாவோடு கரையில் படகு தள்ளி வளர்ந்த பெண். குட்டை, பருமன், தரையில் அறைந்த முளையைப் போல நிற்பாள். அவளைக் கலசமாக வைப்பதாக டீச்சர் அறிவித்தபோது மைதானமே சிரித்தது. நடு அடுக்கில் நிற்க வேண்டிய பெண் ஒருத்தி, “டீச்சர், இவ ஏறுனா நாங்க பூமிக்குள்ள போயிடுவோம். அப்பறம் தோண்டித்தான் எடுக்கணும்” என்றாள். செல்வியே கூச்சப்பட்டுக்கொண்டு, “வேணாம் டீச்சர், நான் மீன்கூட மாதிரி இருக்கேன்” என்றாள்.

“மீன்கூடய எங்க வைக்கிறாங்க, தலமேலதான? தெனம் தூக்கிட்டுத்தான போறாங்க? ஏறுடி” என்றார் டீச்சர்.

முதல் வாரம் முதல் அடுக்கில் மட்டும். இரண்டாம் வாரம் இரண்டாம் அடுக்கில். மூன்றாம் வாரம் உச்சியில். பயிற்சியின்போது கோபுரத்தைச் சுற்றி விழுந்தால் பிடிக்க நான்கு பெண்களைக் கையேந்தி நிற்க வைத்திருப்பார். செல்வி முதல்முறை உச்சியில் நிமிர்ந்தபோது நான் இருந்தேன். கேலி செய்த அதே பெண் கீழிருந்து கத்தினாள்: “ஏறிட்டாளா? டீச்சர், ஏறிட்டாளா இல்லையா?” அவள் தோளில் செல்வியின் கால் நின்றுகொண்டிருந்தது. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு மகிழ்ச்சியோடு அவரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மூன்று மாதப் பயிற்சியில் ஒரு முறைகூட அந்தக் கோபுரம் ஆடவில்லை. இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

விழாவுக்கு முந்தைய நாள் காலை ஒத்திகை. பள்ளி நிர்வாகக் குழுவின் செயலாளர் வந்திருந்தார். நானும் இருந்தேன். கோபுரம் எழுந்தது, செல்வி கொடியை விரித்தாள், எல்லாரும் கை தட்டினோம். செயலாளர் தட்டவில்லை.

“என்னம்மா இது? கோபுரத்து மேல நெல்லுக் குதிரத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு” என்றார்.

பெண்கள் சிலர் சிரித்தார்கள். செல்வி மேலேதான் நின்றுகொண்டிருந்தாள்.

“கலசம்னா சிறுசா இருக்கணும். பெரிய மனுசங்கல்லாம் வந்து ஒக்காந்து பாக்கப்போறாங்க. அந்தச் சின்னப் பொண்ண ஏத்துங்க.” அவர் காட்டியது லலிதாவை. எட்டாம் வகுப்பு. வகுப்பிலேயே சிறியவள், பார்க்க அழகானவள். கோபுரத்தைச் சுற்றிக் கோலாட்டக் குச்சியோடு ஆடும் கூட்டத்தில் இருந்தாள். (லலிதா என்பது அவள் பெயர் அல்ல. நான் மாற்றியிருக்கிறேன்.)

“முடியாதுங்கய்யா. அந்தப் புள்ள ஒரு நாளும் மேல ஏறிப் பழகல” என்றார் டீச்சர்.

“இருபத்தஞ்சு கிலோ இருக்குமா அது? காத்துல தூக்கி வச்சிடலாம்.”

“விசயம் எடயில இல்லைங்க. அவளுக்குக் கட்டு இல்ல. தூக்கிப் பாத்திருக்கேன். முடியாதுங்க.”

“நான் பாத்துப் பாத்து விருந்தாளியக் கூப்புட்டிருக்கேன். நீங்க என்னடான்னா…”

“முடியாதுங்கய்யா.”

செயலாளர் குரலை உயர்த்தவில்லை. “அப்பக் கோபுரம் வேணாம். புள்ளைங்க வெறுங்கைய ஆட்டிட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தார். நடு அடுக்கில் நின்ற பெண்களில் ஒருத்தி அழத் தொடங்கினாள். பிறகு கீழே நின்றவர்களும். மூன்று மாதம் விடியற்காலையில் வந்து, தோள் கன்றிப்போய்ப் பழகியவர்கள். செல்வி மெல்ல இறங்கிவந்து டீச்சர் எதிரில் நின்றாள்.

“நான் கீழ நின்னுக்கிறேன் டீச்சர். கோபுரம் நிக்கட்டும் டீச்சர்.”

செயலாளர் வாயிற்கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. லலிதாவைக் கையால் சைகை காட்டி அழைத்தார். அன்று காலை இரண்டு முறை ஏற்றிப் பார்த்தார். இரண்டு முறையும் நான்கு பெண்கள் கையேந்தி நின்றார்கள், இரண்டு முறையும் கோபுரம் நின்றது. “சோறு நல்லாத் தின்னுட்டு வா, நல்லாத் தூங்கு” என்று லலிதாவிடம் சொல்லி அனுப்பினார். இது என் காதால் கேட்டது.

விழா மறுநாள் மாலை நான்கு மணிக்கு. கையேந்தி நிற்கும் பெண்கள் படத்தை மறைக்கிறார்கள் என்று புகைப்படக்காரர் முறையிட, அவர்களை இரண்டு பக்கமும் ஒதுக்கி நிறுத்தினார்கள். டீச்சர் இடப்பக்கம் நின்றார். லலிதா ஏறினாள். கொடியை விரித்தாள். கைதட்டல் எழுந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஐந்துவரை எண்ணினேன். அவள் முழங்கால் மடங்கியது. கத்தவில்லை, கையை நீட்டவில்லை. தூங்கிப்போன பிள்ளை தோளிலிருந்து சரிவதைப் போலப் பின்பக்கமாகச் சரிந்தாள். டீச்சர் ஓடினார். அவர் கைக்குச் சட்டையின் ஓரம் மட்டும் கிடைத்தது.

செல்வி கீழ் வரிசையில், ஒருத்திக்குப் பதிலாக, நடுவில். லலிதா அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்தாள். “அந்தச் சத்தம் கேட்டுச்சு சார். திரும்பணும்னு இருந்துச்சு. நான் கைய விட்டிருந்தா என் மேல நின்னவளும் சேந்து விழுந்திருப்பா. டீச்சர் சொல்லிக் குடுத்தது அதுதான், மேல என்ன நடந்தாலும் கீழ நிக்கிறவ நிக்கணும். நின்னேன்” என்று சில ஆண்டுகள் கழித்துச் சொன்னாள். மேலே இருந்த மூவரும் முறையாக இறங்கும்வரை அவள் அசையவில்லை. அதை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை.

லலிதாவின் இடது இடுப்பெலும்பு முறிந்தது. அது சரியாகச் சேரவில்லை. இடது கால் குட்டையாகிவிட்டது. பள்ளிக்கு அவள் திரும்பவில்லை.

மருத்துவமனையில் அன்று மாலை நடந்ததை நான் இதுவரை எழுதியதில்லை. லலிதாவின் அம்மா அஞ்சலை, நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர், தரையில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் வெளியே வந்து, பிள்ளை கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டார். மயக்கமருந்து கொடுக்க அது தெரிய வேண்டும்.

“நேத்து மத்தியானம்.”

“அதுக்கப்புறம்?”

“ஒண்ணும் குடுக்கலைங்கய்யா. பச்சத்தண்ணிதான். காவடி எடுக்கிறவங்க வெரதம் இருக்கிறதில்லையா… அத்தன பேரு மேல ஏறிக் கொடி புடிக்கப்போற புள்ள, சுத்தமா இருக்கட்டும்னு… காலையில தலைக்கு ஊத்தி, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டுத்தான் அனுப்புனேன். வயிறு காலியா இருந்தா கனமும் கொறையும்னு மத்தப் புள்ளைங்களும் சொல்லிச்சாம்.”

டீச்சர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். “எங்கிட்ட ஏம்மா சொல்லல?” என்றார்.

“வெரதத்த வெளிய சொல்லுவாங்களா டீச்சரு?”

அந்த அம்மா தன் மகளைக் கொடுமைப்படுத்தவில்லை. பெருமைப்படுத்தினார். அவர் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஊரெல்லாம் பார்க்க ஒருத்தி உயரத்தில் நின்றதில்லை. அதைச் சாமி காரியமாக எடுத்துக்கொண்டார். டீச்சர் என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போனார்.

“இத எழுதாதீங்க சார். புள்ள பட்டினியா ஏறுச்சுன்னு பேப்பர்ல வந்தா, பழி பெத்தவ தலையில விழும். அந்தம்மா தாங்க மாட்டாங்க. கெணத்துல போயி விழுவாங்க.”

“செயலாளர் மாற்றச் சொன்னதையாவது எழுதலாமே?”

“அதுவும் வேணாம். கைய நீட்டி ஏறச் சொன்னது யாரு? நான்தான?”

மறுநாள் காலை பள்ளியிலிருந்து செய்திக்குறிப்பு வந்தது. “போதிய பயிற்சியின்மையால் மாணவி தவறி விழுந்தார்” என்று அதில் இருந்தது. நான் அதை அப்படியே அனுப்பினேன். அச்சானது. பயிற்சியை நேரில் பார்த்தவன் நான். ஒத்திகையில் நின்றவன் நான். டீச்சர் வேண்டாம் என்றது உண்மைகள் இரண்டை மட்டும்தான். பொய்யை அனுப்பச் சொல்லி அவர் கேட்கவில்லை. பின்னால் வந்த விசாரணை அறிக்கையில் அந்தச் செய்தித்தாள் நறுக்கும் ஓர் ஆவணமாக இணைக்கப்பட்டிருந்தது.

குற்றச்சாட்டுக்கு டீச்சர் எழுதிக்கொடுத்த பதில் ஒரே வரி: “உச்சியில் நிற்கும் மாணவியை மாற்றியது நான்.” செயலாளர், தாம் ஒரு யோசனைதான் சொன்னதாக எழுதிக்கொடுத்தார். அதுவும் பொய் என்று நிரூபிக்க முடியாத வாக்கியம். டீச்சரைப் பணியிலிருந்து நீக்கினார்கள். பதிவேட்டில் அந்த வரி ஏறியது.

அதன் பிறகு தலத்தெரு வீட்டில் தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு ஜாக்கெட் தைத்தார். மாதம் ஒருமுறை லலிதாவைப் பார்க்கப் போவார். அவளுடைய ஒரு செருப்பின் அடியில் ரப்பர் பட்டைகளை ஒட்டி உயரப்படுத்தியது அவர்தான். போகும்போதெல்லாம் தின்பண்டம் கொண்டுபோவார். “தின்னு, நான் பாக்கணும்” என்று எதிரில் உட்கார்ந்துகொள்வாராம். லலிதாவின் அம்மாவிடம் விரதத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் தம் வீட்டில் டீச்சர் என்ன சாப்பிட்டார் என்று யாரும் பார்க்கவில்லை. தம்பி சொல்கிறார்: “தட்டுல போட்டத அளைஞ்சுட்டு எழுந்துடுவாங்க. கேட்டா, பசிக்கலடாம்பாங்க.” நோய் எப்போது தொடங்கியது என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. வந்தபோதே முற்றியிருந்தது.

ஒரு பிற்பகல் நான் போயிருந்தேன். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், கேட்காமலே சொன்னார்: “மூணு தரம் முடியாதுன்னேன் சார். நாலாவது தரம் சொல்லல. மூணு தரம் சொன்னதுக்கு எந்த மதிப்பும் இல்ல. நாலாவதுதான் கணக்கு.”

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் இயந்திரத்தை மிதித்தார். சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

மேல்முறையீடு செய்யும்படி அவரைத் தம்பி கட்டாயப்படுத்தியது கடந்த ஆண்டு, நோய் தெரிந்த பிறகு. “வேல வேணாம்டா. அந்த ஒரு வரிய எடுத்துட்டாப் போதும். கவனமில்லாதவன்னு போட்டிருந்தாக்கூட விட்டுருவேன். அக்கறை இல்லாதவன்னு போட்டுட்டாங்க” என்றாராம். மனுவைப் போட்டார். ஆனால் முதல் விசாரணையில் தாம் எழுதிக்கொடுத்த பதிலை மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். அந்தப் பதில் அங்கே இருக்கும்வரை மனு எப்படி நிற்கும் என்று வழக்கறிஞர் கேட்டார். சரியான கேள்வி.

எனக்கு மிகுந்த அயர்ச்சியைத் தருவது வேறொன்று. பள்ளி கோபுரத்தை விட்டுவிடவில்லை. ஓர் ஆண்டு இடைவெளிவிட்டு மறுபடி தொடங்கினார்கள். மாணவிகள் மீண்டும் நெல் கிடங்குக்குப் போகிறார்கள். விபத்திலிருந்து அவர்கள் படித்துக்கொண்ட பாடம், இன்னும் கனம் குறைந்தவளாகப் பார்க்க வேண்டும் என்பது. சென்ற ஆண்டு கலசமாக நின்ற பெண்ணுக்குப் பத்து வயது. எடை பார்க்கும் நாளில் பிள்ளைகள் காலையில் சாப்பிடுவதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். என் அண்ணன் பேத்தி அங்கேதான் படிக்கிறாள். “தாத்தா, நான் போன வருசத்தவிட ரெண்டு கிலோ கம்மி” என்று என்னிடம் ஓடி வந்தாள். டீச்சர் இருபது ஆண்டுகள் தம் தோளாலும் கையாலும் அறிந்துவைத்திருந்த ஒன்றில் துளிகூட அந்த மைதானத்தில் மிச்சமில்லை. இதைச் சொல்லிச் சரிசெய்ய முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. எழுதி வைக்க முடியும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு அஞ்சலையும் லலிதாவும் வந்தார்கள். லலிதாவுக்கு இப்போது பத்தொன்பது. இழுத்து இழுத்து நடந்து உள்ளே போய், டீச்சரின் கால்பக்கம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்த அஞ்சலை என் எதிரில் நின்றார்.

“எனக்காகத்தான் வாய மூடிக்கிட்டு இருந்தாங்கன்னு செல்வி இப்பத்தான் சொன்னா. மெய்யாங்க?”

“ஆமாம்மா. அவளிடம் சொன்னது நான்தான்.”

“ஆறு வருசமா எங்க வூட்டுக்கு வந்து போனாங்களே… ஒரு நாளாவது என்னத் திட்டியிருக்கலாமே.” பிறகு, “எழுதுங்க சார். நான் பட்டினி போட்டேன்னு எழுதுங்க. எங்க வேணும்னாலும் கைநாட்டு வைக்கிறேன்” என்றார்.

லலிதா குறுக்கிட்டாள். “நீ வைக்க வேணாம்மா. எனக்கு எழுதத் தெரியும். நான் எழுதுறேன்.”

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. பார்த்ததற்கும் எண்ணியதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை அவரிடம்தான் கற்றேன் என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கற்றவன் அந்தச் செய்திக்குறிப்பை அனுப்பியிருக்க மாட்டான். ஆகவே அதைச் சொந்தம் கொண்டாட எனக்கு உரிமை இல்லை. அவர் முகம் மைதானத்தில் என் பக்கம் திரும்பிய அந்த ஒரு கணம் இருக்கிறது. செல்வி உச்சியில் நின்றாள், அவளைத் தாங்கியவளுக்கே அது தெரியவில்லை. அதை வைத்துக்கொள்கிறேன்.

இன்றைய நிலை இது. செல்வி தன் வாக்குமூலத்தைச் சொல்ல, நான் எழுதி, அவள் கையெழுத்திட்டுவிட்டாள். ஒத்திகையில் நான் கண்டதையும் கேட்டதையும் தனியே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். என் பழைய செய்திக்கான திருத்தம் செய்தித்தாள் ஆசிரியரின் மேசையில் இருக்கிறது. ஆறு ஆண்டுக்கு முந்தைய செய்திக்குத் திருத்தம் போடும் வழக்கம் உண்டா என்று கேட்டுச் சொல்வதாக அவர் சொன்னார், இன்னும் சொல்லவில்லை. லலிதா தன் வாக்குமூலத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். மனு கொடுத்தவர் இறந்துவிட்டால் மனுவை மேற்கொண்டு விசாரிக்க விதியில் இடம் உண்டா என்று கோவிந்தராஜ் நேற்று அலுவலகத்தில் கேட்டார். பெரும்பாலும் கோப்பை மூடிவிடுவார்கள் என்று எழுத்தர் சொன்னார். உறுதியான பதிலுக்கு வரும் வியாழக்கிழமை வரச் சொன்னார்.

பள்ளியில் இந்த ஆண்டுக் கோபுரத்துக்காக மாணவிகளை எடை பார்ப்பது திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு.